எல்சியின் முதலாம் ஆண்டு

பிரசீதா டீச்சர் அந்த வருடம்தான் பி.எட். கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரமே மாணவர்கள் எல்லாரும் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"வாத்தியாராப் போறவங்க முதல்ல தன்னைத் தானே உத்துப் பார்க்கணும். வாரத்துக்கு ஒரு தடவை எழுதுங்க. என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், இனி எப்படி. மூணே தலைப்பு. யாரும் உங்களை விரட்டலை. மனசு அதோட வேகத்துல நகரட்டும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள என் மேஜைக்கு வந்துடணும்."

இதற்குப் பாடத்திட்டத்தில் சிந்தனைக் குறிப்பேடு என்று பெயர். இருபது மதிப்பெண். நேர்மைக்கு ஐந்து, ஆழத்துக்கு ஐந்து, மாற்றத்துக்கு ஐந்து. மீதி ஐந்து ஓரம் விட்டு எழுதி அட்டை போட்டதற்கு. நேர்மையில் கோட்டைவிட்டவர்கள் அட்டையில் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் வாரத் தலைப்பு, "என் வாழ்வில் நிகழ்ந்த ஒரு மாற்றம்." டெல்ஜோவுக்கு அதற்காக எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. மாற்றம் ஜூன் மாதமே இரண்டு பெட்டிகளோடு நெடும்பாசேரி விமான நிலையத்தில் வந்து இறங்கி, வீட்டுக்கு வந்து அரிசிப் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்திருந்தது.

அவனுடைய அப்பா தேவசி, அம்மா எல்சி. இரண்டு பெயரிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி, கடைசியில் ஒரு ஜோவையும் ஒட்டியதுதான் டெல்ஜோ. அங்கமாலிப் பக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எல்சி ரோமாபுரிக்குப் போனாள், ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. அவள் அனுப்பிய பணத்தில் வீடு மாடி வைத்தது. அப்பாவும் மகனும் அந்த வீட்டில் லாட்ஜில் அறை எடுத்தவர்களைப் போல இருந்தார்கள். கப்பைக் கிழங்கும் எருமைப் போத்திறைச்சியும் தின்றார்கள். ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இப்போது எல்சி ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தாள். ஏழாம் வகுப்புப் பையனை விட்ட இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் போல. மீனில் முள் எடுத்துப் போட்டாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "மோனே, வெந்நீர் போதுமா?" என்று கேட்டாள். காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தாள். இதெல்லாம் மகனுக்கா, ரோமாபுரிக் கிழவருக்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சமையல் கண்டிப்பாகக் கிழவருக்குத்தான். அவருக்கு வயிற்றில் புண். வருடக்கணக்காக மிளகாயைத் தொடாத கை. மாங்காய்க் கறியையே குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்குக் கிழவரின் மகள் பாவோலா ரோமிலிருந்து கூப்பிடுவாள். புதிதாக வந்த ஆட்களைக் கிழவர் கைத்தடியால் அடித்து விரட்டுகிறாராம். திரும்பி வந்துவிடு, அறை அப்படியே இருக்கிறது என்பாள். "கிறிஸ்துமஸுக்குள்ள போறதா இல்லையான்னு சொல்லணும் தேவசிச்சேட்டா," என்று எல்சி கணவனிடம் சொன்னதை டெல்ஜோ மாடிப்படியில் நின்று கேட்டான்.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினான். என்ன நடந்தது: அம்மா வந்துவிட்டார். என்ன உணர்ந்தேன்: அம்மா திரும்பிப் போனால் தேவலை.

எழுதிவிட்டுப் பார்த்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரம்கூட விட்டிருந்தான். நேர்மைக்கான ஐந்து மதிப்பெண்ணும் அந்த ஒரு வரியில் கிடந்து அவனைப் பார்த்தது. அவனுக்குக் காது சுட்டது. கீழே அம்மா யாருக்காகவோ எதையோ மசித்துக்கொண்டிருந்தாள். தாளைக் கிழித்துச் சுக்குநூறாக்கினான். குப்பைக்கூடையைக் கொட்டுவது அம்மா என்பதால் துண்டுகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் பஸ் ஜன்னல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கவிட்டான்.

கல்லூரி வாசலுக்கு எதிரே சாஜு சேட்டனின் போட்டோஸ்டாட் கடை. பாடக்குறிப்பு, செய்முறைப் பதிவேடு, ஆன்ம பரிசோதனை எல்லாம் அங்கே கிடைக்கும்.

"டீச்சர் புதுசுன்னா என்னடா, குறிப்பேடு பழசுதானே," என்றார் சாஜு. "ரெண்டு இருக்கு. சாதா வேணுமா, ஸ்பெஷல் வேணுமா?"

"சாதான்னா?"

"நாயைப் பார்த்துப் பயந்து, பயம் தெளியறது. ஸ்பெஷல்னா அம்மா செத்துப் போறது. பழைய பேட்ச் பொண்ணு ஒண்ணு எழுதினது. இருபதுக்கு இருபது. படிச்சா கல்லும் கரையும். நான் படிச்சதில்லை."

டெல்ஜோ ஸ்பெஷலை வாங்கினான். உயிரோடிருக்கும் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதக் கை கூசியது. இறந்த அம்மா தயாராக, ஓரம் அடித்து, தேதி வாரியாகக் கிடைத்தாள். சித்தி, அத்தை என்று மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அம்மா என்ற சொல் வரிக்கு ஒரு முறை வந்தது. மாற்ற வேண்டுமென்றால் படிக்க வேண்டும். நகலெடுப்பதே படிக்காமல் இருப்பதற்காகத்தான்.

அடுத்த வாரம் பிரசீதா டீச்சர் வகுப்பில், "உங்க ஊர்ப் பக்கம் எல்லாம் தெருநாய்த் தொல்லை இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கலை," என்றார். பாதி வகுப்பு ஒரே கறுப்பு நாயைக் கண்டு பயந்து, ஒரே நாளில் பயம் தெளிந்திருந்தது. டெல்ஜோவை மட்டும் ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. முன்னால் ஒரு தட்டில் பழம்பொரி இருந்தது.

"எடுத்துக்கோ. இதை எழுதும்போது அழுதியா?"

"கை வலிச்சுது டீச்சர்."

அதை அவர் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்.

"இது உனக்கும் எனக்கும் நடுவுல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். சொன்னபடி வகுப்புத் தலைவி ஃபெமினாவிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் பையனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி. மறுநாள் காலை டெல்ஜோ வகுப்புக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவன் எழுந்து மின்விசிறிக்குக் கீழிருந்த இடத்தை விட்டுக்கொடுத்தான்.

மதியம் ஃபெமினா ஒரு வாழையிலைப் பொதியை அவன் முன்னால் வைத்தாள். "உம்மா கட்டிக் கொடுத்தாங்க. உனக்குன்னு சொன்னதும் போத்து வறுவல் தனியா வச்சிருக்காங்க. ஆறிப்போறதுக்குள்ள தின்னுடா."

"இல்ல ஃபெமினா, நான்..."

"பேசாதே. தின்னு."

அவன் பையில் எல்சி கட்டிய எவர்சில்வர் டப்பா இருந்தது. மடித்த ஆம்லெட், முள் எடுத்த மீன், ஓரத்தில் மஞ்சள் கலரில் ஒரு குழம்பு. அம்மா இல்லாத பையன் அப்படி ஒரு டப்பாவை நாலு பேர் பார்க்கத் திறக்க முடியாது. பொதியைப் பிரித்தான். மிளகும் மிளகாயுமாக நாக்கில் ஏறியது. இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதுதான் மேலும் கேவலமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் பின்னால் ரம்புட்டான் மரத்தடியில் டப்பாவைக் கவிழ்த்தான். ஒரு சாம்பல் பூனை வந்து மோந்து பார்த்துவிட்டு, இவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்றது.

தினமும் பொதி வந்தது. பூனை கொழுத்தது. சாயங்காலம் எல்சி டப்பாவைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னிக்கும் காலி! பார்த்தீங்களா தேவசிச்சேட்டா? ஒரு பருக்கை இல்லை. அவனுக்கு என் கை பிடிச்சுப் போச்சு." அடுத்த நாள் ஒரு ஆம்லெட் கூடுதலாக வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவோலாவிடம் பேசிவிட்டு வந்து அவள் கணவனிடம் சொன்னாள். "வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். வந்த புதுசுல இவன் என்னைப் பார்த்த பார்வைக்கு அடுத்த விமானத்துலயே ஏறியிருப்பேன். இப்ப அப்படி இல்லை. சோறு மிச்சம் வைக்கறதில்லையே." மாடிப்படியில் நின்றிருந்த டெல்ஜோ ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் முடிவு செய்தான். மூன்று மணிக்கு ஏட்டை வைத்துவிட்டு, அடுத்த வெள்ளி என்று திருத்திக்கொண்டான்.

ஆனால் படிக்காமல் நகலெடுப்பது அவன் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. கை எழுதும்போது கண்ணும் கூடவே போகத்தான் செய்தது. "அம்மாவின் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை," என்று அந்தப் பெண் ஒரு வாரம் எழுதியிருந்தாள். "அது அங்கே கிடந்தால் வீட்டில் யாரோ இருப்பது போலிருக்கிறது." அன்று டெல்ஜோ வீட்டுக்கு வந்தபோது வாசலில் எல்சியின் நீல ரப்பர் செருப்பு கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. கால் பெருவிரலால் அதை நிமிர்த்தி வைத்தான். அவ்வளவுதான் செய்தான். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டான்.

இன்னொரு வாரம் அந்தப் பெண், அம்மா பாடிக்கொண்டே இருந்த ஒரு பாட்டில் இரண்டாவது வரி நினைவில்லை, இனிமேல் கேட்க ஆளில்லை என்று எழுதியிருந்தாள். மறுநாள் எல்சி சமையலறையில் எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன பாட்டு?"

எல்சி பயந்துபோனாள். "சத்தமாப் பாடிட்டேனா மோனே?"

"இல்லையில்லை. சும்மா கேட்டேன்."

கிழவர் சின்ன வயதில் பாடியதாம். ஒரு கழுதை சந்தைக்குப் போகாமல் அடம்பிடிக்கிற பாட்டு. கரண்டியைக் கழுதையின் வால் போல ஆட்டிக்காட்டி முழுக்கப் பாடினாள். டெல்ஜோ சிரித்தான். ஜூனிலிருந்து அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். முகம் தெரியாத ஒருத்தி அழுது கண்டுபிடித்ததை, இவன் நகலெடுத்து, ஓசியில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நேரமில்லாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே எழுதினான். வளைவுகளில் எழுத்து கோணியது. என்ன எழுதுகிறோம் என்று பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ஏடு மேஜைக்குப் போய்விட்டது. பிரசீதா டீச்சர் அன்று இரவு அதைப் பிரித்துப் படித்தார். "வரும் ஞாயிறு அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். தனியாகப் போகத் தைரியமில்லை."

ஞாயிறு மதியம் தேவசி சாலக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டு டெல்ஜோ மாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். சந்தன நிறச் சேலையில் பிரசீதா டீச்சர். பக்கத்தில், ஒரு கட்டு வெள்ளைச் செவ்வந்தியும் மெழுகுவத்திப் பெட்டியுமாக ஃபெமினா. அவன் படிகளில் உருண்டு கீழே வருவதற்குள் எல்சி ஈரக்கையோடு கதவைத் திறந்துவிட்டாள்.

"டெல்ஜோ வீடுதானே இது?"

"ஆமாமா, உள்ள வாங்க. மோன்கூடப் படிக்கறவங்களா?"

"நான் அவனோட டீச்சர். இவ ஃபெமினா. ஆண்டுக்கு வந்தோம்."

"யாரோட ஆண்டுக்கு?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவன் அம்மாவோட."

எல்சி திரும்பினாள். டெல்ஜோ கடைசிப் படியில் நின்றிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் அதைப் படித்து முடிக்கும் வரை பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஓ, எல்சியோட ஆண்டா. உட்காருங்க. நான் அவளோட தங்கச்சி. ரோசிலி."

டெல்ஜோ அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். துக்கம் என்று நினைத்து டீச்சர் அவன் தோளைத் தொட்டார்.

சுவரில் தேவசி எல்சி கல்யாணப் படம் தொங்கியது. டீச்சர் அதையும் ரோசிலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல முகச்சாயல்."

"எல்லாரும் சொல்வாங்க."

"அம்மாவைப் பத்தி இவன் என்னமா எழுதறான் தெரியுமா? அவங்க செருப்பைக்கூட வாசல்லேர்ந்து எடுக்க மனசு வரலையாம்."

பெண்கள் மூவரும் வாசலைப் பார்த்தார்கள். நீல ரப்பர் செருப்பு கிடந்தது. ஃபெமினா தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"அதை இப்ப நான்தான் போட்டுக்கறேன்," என்றாள் எல்சி. பிறகு மெதுவாகக் கேட்டாள். "டீச்சரே, அவ எப்படிப் போனான்னு எழுதியிருக்கான்?"

"கேன்சர்னுதான். கடைசி வரைக்கும் இவனே பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டானாமே. கஞ்சி ஊட்டி, தலை வாரி, படுக்கையைத் திருப்பிப் போட்டு. இந்தக் காலத்துல எந்தப் பையன் செய்வான்?"

எல்சி முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஊட்டுவதும் படுக்கை திருப்புவதும் எவ்வளவு வேலை என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். டெல்ஜோ தரையில் டைல்ஸ் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றாள் கடைசியில். "நல்லாப் பார்த்துக்கிட்டான்."

"நீங்க இங்கேயே இருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஃபெமினா. "இருந்தா நல்லது. பாவம், மத்தியானத்துக்கு ஒண்ணுமே கொண்டுவர மாட்டான். எங்க உம்மாதான் தினமும் பொதி கட்டித் தராங்க."

"தினமுமா?"

"முதல் வாரத்துலேர்ந்தே. உறைப்பா இருந்தா நல்லாச் சாப்பிடுவான்."

"டீ கொண்டுவரேன்," என்று எல்சி எழுந்தாள்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டீ போடத் தேவையானதைவிட ரொம்ப நேரம் ஓடியது. தான் செத்துப்போனதை அவள் நின்று வாங்கிக்கொண்டாள்; இந்தப் பொதி விஷயத்தை வாங்கிக்கொள்ள உள்ளே போக வேண்டியிருந்தது. டெல்ஜோ எழுந்து போக நினைத்தான். போய் என்ன சொல்வது என்று தெரியாததால் எழவில்லை. டீ வந்தபோது அதில் சர்க்கரை இல்லை. வந்தவர்கள் துக்க வீட்டு மரியாதைக்கு அப்படியே குடித்தார்கள்.

"கல்லறைக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றார் டீச்சர். "சர்ச் பக்கத்துலதானே?"

"போகலாம். வெயிலா இருக்கு, குடை எடுத்துக்கறேன்," என்றாள் எல்சி. எடுக்கவும் செய்தாள். தன் கல்லறையைக் காட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"டீச்சர், இவங்கதான் என் அம்மா," என்றான் டெல்ஜோ.

டீச்சர் திரும்பி, ரொம்பக் கனிவாகச் சொன்னார். "ஆமாடா மோனே. சித்தின்னா அம்மா மாதிரிதான்."

"மாதிரி இல்லை டீச்சர். எல்சின்னா இவங்கதான். சாகலை. நான் எழுதினது எதுவுமே என்னோடதில்லை."

எல்சி குடையை விரித்தது விரித்தபடி நின்றாள். முதலில் ஃபெமினாவுக்குத்தான் குரல் வந்தது.

"எங்க உம்மா தினமும் தொழுகையில உங்கம்மாவுக்காக அழுதாங்கடா! நாயே!"

"போட்டோஸ்டாட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

டீச்சர் மெல்ல ஃபெமினா பக்கம் திரும்பினார். "அந்தக் கறுப்பு நாய்?"

ஃபெமினா பூங்கொத்துக்குள் முகத்தைத் தாழ்த்தினாள். "அதுவும் அங்கதான் டீச்சர்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று டெல்ஜோ காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அதை எழுதின பொண்ணு யாரு?"

"தெரியாது டீச்சர். பேர் மறைச்சு நகல் எடுத்திருந்தாங்க."

"கூடப் போக ஆளில்லைன்னு எழுதியிருந்தாளே. யாராவது போனாங்களா?"

அதுவும் தெரியவில்லை. இத்தனை வாரமாக அவள் சொற்களைச் சுமந்தவனுக்கு அந்தக் கேள்வி ஒரு முறைகூடத் தோன்றியிருக்கவில்லை.

டீச்சர் பூவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எல்சியைப் பார்த்துக் கைகூப்பினார். மன்னிப்புக் கேட்பதா, உயிரோடிருப்பதற்கு வாழ்த்துவதா என்று அவருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. வாசலில் நின்று டெல்ஜோவிடம் சொன்னார். "இனி உன்னோடதை எழுது. என்கிட்ட காட்ட வேண்டாம். ஆனா எழுது." ஆட்டோ போய்விட்டது.

எல்சி டீ கிளாஸ்களைக் கழுவினாள். டெல்ஜோ சமையலறைக் கதவருகே போய் நின்றான்.

"அம்மே."

"ரோசிலின்னு கூப்பிடு."

அவன் உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தான்.

"சோத்தை என்ன பண்ணுவே?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"பூனைக்கு."

"திங்குதா?"

"திங்குது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் ஒரு கிளாஸை இரண்டாம் முறை கழுவினாள். "கிழவருக்கு ஞாபகம் தப்பும். ரோஸான்னான்னு கூப்பிடுவார். அவரோட செத்துப்போன பொண்டாட்டி. கூப்பிட்டா நான்தான் போய் நிப்பேன். அதனால செத்தவளா இருக்கறது எனக்குப் பழக்கம்தான்டா. ஆனா அங்க அதுக்குச் சம்பளம் கொடுத்தாங்க."

இதற்கு மேல் நிற்க முடியாது என்று தோன்றியது. ஆனாலும் டெல்ஜோ நின்றான். "நீங்க திரும்பிப் போயிட்டா தேவலைன்னு முதல்ல எழுதினேன். எழுதிக் கிழிச்சிட்டேன். அதுக்கு அப்புறம்தான் காப்பியடிச்சது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எழுதினது தெரியாது. நினைச்சது தெரியும். முள் எடுத்துப் போட்டா நீ அந்த மீனைப் பார்க்கற பார்வை இருக்கே."

"இப்ப அப்படி இல்லை."

"எப்பலேர்ந்து?"

நல்லதாக ஒரு பொய் சொல்லலாம். நல்ல பொய்களுக்கு வாசலில் கடையே இருந்தது. அவன் யோசித்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னான்.

"நீங்க செத்ததுக்கு அப்புறம்."

எல்சியின் முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கைப்பேசி அடித்தது. பாவோலா.

"என்ன சொல்லட்டும்?" என்றாள் எல்சி, அதை எடுக்காமல்.

"சொல்ல எனக்கு வாயில்லை."

"வாய் இருக்கு. அந்தப் பொண்ணோட போத்திறைச்சியெல்லாம் அது வழியாத்தானே போச்சு."

"போகாதீங்க."

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இத்தாலிய மொழியில் நீளமாகப் பேசினாள். டெல்ஜோவுக்கு அதில் தன் பெயர் மட்டும் புரிந்தது. அது வந்த தொனி நன்றாக இல்லை. திரும்பி வந்து, "ஏப்ரல் வரைக்கும் ஒண்ணும் கேட்காதேன்னு சொல்லிட்டேன்," என்றாள். "நீயும் கேட்காதே."

அப்போது தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. எல்சி ஜன்னல் வழியே பார்த்தாள். வரும்போது ஆட்டோவுக்கு வழி கேட்க டீச்சர் கவலையில் மூழ்கிய முகத்தோடு சந்தியில் இறங்கி, "காலமான எல்சியோட வீடு எது?" என்று விசாரித்திருக்கிறார். செய்தி சந்தியிலிருந்து சாலக்குடி வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பேபி சேச்சி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "காலைல சர்ச்சுல குர்பானைக்கு வந்தாளே! என் பக்கத்துலதானே முட்டிபோட்டா!" பின்னால் மாதர் சங்கம் முழுவதும். எல்லாருக்கும் முன்னால், கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து வந்த தேவசி. பட்டுக்கரை வேட்டி. வலது கையில் குழம்பு காய்ந்திருந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறார்.

"கதவைத் திற," என்றாள் எல்சி.

"நானா?"

"நான் செத்துப் போயிருக்கேனே, நானா திறப்பேன்?"

டெல்ஜோ கதவைத் திறந்தான். தேவசி அவனைத் தாண்டி உள்ளே பார்த்தார். டீ கிளாஸைத் துடைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கழுவாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முற்றம் முழுக்க ஆட்கள் நின்று டெல்ஜோவையே பார்த்தார்கள்.

"யாரும் சாகலை," என்று ஆரம்பித்தான். "எங்க காலேஜ்ல ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னாங்க..."

"சத்தமாச் சொல்லு," என்றாள் எல்சி உள்ளேயிருந்து. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேட்கலை."